முழங்கால் பட்ட நெஞ்சு: ஒரு கபடி வழக்கு

காப்பீட்டு நிறுவனம் அனுப்பியிருந்த கடிதத்தின் சாரம் இதுதான்: இறப்புக்குக் காரணம் திடீர் இதயச் செயலிழப்பு, அது இயற்கை மரணம், விபத்து மரணத்துக்கான தொகையைத் தர இயலாது. கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்பிலிருந்து ஒரு தகப்பனார் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். விசைப்படகில் வேலை செய்பவர். அவருடைய இருபத்தொரு வயது மகன், 2020 பொங்கலை ஒட்டி நடந்த கபடிப் போட்டியில் ஆடுகளத்திலேயே விழுந்து இறந்திருந்தான்.

"நெஞ்சு நின்னு போச்சுன்னு எழுதிட்டாங்கய்யா. எம்புள்ளைக்கு நெஞ்சுல ஒரு கோளாறும் கெடையாது. கடல்ல வலை இழுக்கிற புள்ள" என்றார் அவர்.

மகனின் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் 12 ரூபாய் பிடித்தம் ஆகியிருந்தது. 2015 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவுக்கான சந்தா அது. 18 முதல் 70 வயது வரை உள்ள கணக்குதாரர்கள் அதில் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 2022 ஜூன் முதல் சந்தா 20 ரூபாய். எது விபத்து என்பதைத் திட்டத்தின் விதியே சொல்கிறது. திடீரென்று, எதிர்பாராமல், தன் விருப்பமின்றி நேர்ந்த நிகழ்வாக இருக்க வேண்டும். அதற்குக் காரணம் வெளியிலிருந்து, வன்மையாக, கண்ணுக்குத் தெரியும்படி வந்ததாக இருக்க வேண்டும். எங்கள் வழக்கு முழுவதும் அந்த இலக்கணத்துக்குள் இந்த மரணம் அடங்குமா என்பதைச் சுற்றியே நடந்தது.

நடந்தது என்ன என்பதற்கு ஒரு நண்பனின் கைபேசிப் பதிவு இருந்தது. ரெய்டு போன பையன் கோட்டைத் தொடப் பாய்கிறான். எதிரணியில் ஒருவன் இடுப்பைப் பிடிக்கிறான், இன்னொருவன் மேலே தாவுகிறான். தாவியவனின் முழங்கால் பையனின் இடது மார்பில் இறங்குகிறது. விசில் ஊதுகிறார்கள். பையன் எழுந்து இரண்டு மூன்று அடி நடக்கிறான். அப்படியே முகம் குப்புற விழுகிறான். கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. சுற்றி நின்றவர்கள் வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள், முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். பிறகு ஒரு சரக்கு வண்டியில் தூக்கிப் போட்டு ஓட்டுகிறார்கள். மருத்துவமனையை அடைந்தபோது உயிர் இல்லை.

காவல் நிலையத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவின் கீழ் சந்தேக மரணமாகப் பதிவு செய்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இதயத்தின் எடை, சுவரின் கனம், வால்வுகள், இதயத் தமனிகள் எல்லாமே இயல்பு என்று இருந்தது. அடைப்பு இல்லை, கிழிசல் இல்லை, விலா எலும்பு முறிவு இல்லை. மார்பின் இடப்புறம் சிறிய கன்றிய காயம் ஒன்று மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. உள்ளுறுப்பு வேதிப் பரிசோதனையில் நஞ்சோ மதுவோ இல்லை. இறுதியில் மரணக் காரணம் என்ற இடத்தில் திடீர் இதயச் செயலிழப்பு என்று எழுதியிருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டது.

சட்டத்திலும் எங்களுக்கு எதிராக இரண்டு பெரிய தீர்ப்புகள் அப்போதுதான் வந்திருந்தன. இரண்டும் 2019-இல் உச்ச நீதிமன்றம் அளித்தவை. மார்ச்சில் வந்தது மௌசுமி பட்டாச்சார்ஜி வழக்கு: மொசாம்பிக்கில் வேலை பார்த்தவர் கொசு கடித்து மலேரியாவில் இறந்தார், மலேரியா பரவியிருக்கும் நாட்டில் அது நோய், விபத்து ஆகாது என்றது நீதிமன்றம். ஏப்ரலில் வந்தது அல்கா சுக்லா வழக்கு: மோட்டார் சைக்கிளில் போனவருக்கு மாரடைப்பு வந்து கீழே விழுந்து இறந்தார், மாரடைப்பால் விழுந்தாரே தவிர விழுந்ததால் மாரடைப்பு வரவில்லை, ஆகவே விபத்துப் பலன் கிடையாது என்று தீர்ப்பானது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த இரண்டையும்தான் முன்வைப்பார் என்பது எனக்குத் தெரியும். அல்கா சுக்லா வழக்கைப் பலமுறை படித்தபோது, அதிலேயே எங்களுக்கான வழியும் இருப்பது புலப்பட்டது. எது முந்தியது என்பதே அங்கே கேள்வி. அங்கே இதயம் முதலில் நின்றது, விழுந்தது பிறகு. எங்கள் வழக்கில் அடி முதலில் விழுந்தது, இதயம் பிறகு நின்றது. இதை மருத்துவர் ஒருவர் சொல்லி நிலைநாட்ட வேண்டும். அடிபட்டதற்கான சேதமே இல்லாத இதயம் அடியால் நின்றது என்று எந்த மருத்துவர் சொல்வார்?

சிதம்பரத்தில், அண்ணாமலைநகரில் குடியிருந்த ஓய்வு பெற்ற தடயவியல் மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் போனேன். அறிக்கையைப் படித்து, கைபேசிப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "கமோஷியோ கார்டிஸ்" என்றார். பிறகு விளக்கினார்.

இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்காகத் தன் மின்னோட்டத்தை மீட்டுக்கொள்கிறது. இ.சி.ஜி. தாளில் அது டி அலையாகத் தெரியும். அந்த அலை உச்சிக்கு ஏறும் வேளையில், உச்சியைத் தொடுவதற்கு 15 முதல் 30 மில்லி நொடி முன்பாக, இதயத்துக்கு நேர் மேலே மார்பில் அடி விழுந்தால் மின்னோட்டம் குலைந்துவிடும். இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும், ரத்தம் வெளியேறாது. அடியின் வலிமையைவிட அது விழும் இடமும் தருணமும்தான் உயிரைப் பறிக்கின்றன. அதனால்தான் பிரேதப் பரிசோதனையில் எதுவும் தெரிவதில்லை. மூளைக்கு ரத்தம் நின்றதும் சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். களத்தில் நின்றவர்கள் வலிப்பு என்று நினைத்தது அதைத்தான்.

அமெரிக்காவில் பாரி மாரன் என்ற இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும் இப்படி இறந்த 25 சிறுவர், இளைஞர்களைப் பற்றி 1995-இல் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மார்க் லிங்க் குழுவினர் இளம் பன்றிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். பேஸ்பால் பந்தின் அளவும் எடையும் கொண்ட மரப்பொருளால் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் அடித்ததில், அந்த நொடித்துணுக்குக்குள் அடி வாங்கிய பத்தில் ஒன்பதின் இதயம் நடுக்கத்துக்குப் போனது.

எனக்குப் பெரிய நிம்மதி. உடனே வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட நினைத்தேன். அவர் தடுத்தார்.

"வக்கீல் சார், நான் சொன்னா அது ஒரு ஆளோட கருத்து. அவங்களும் ஒரு டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்து வேற மாதிரி சொல்ல வைப்பாங்க. இந்தத் துறையில இருக்கற டாக்டருங்க எல்லாரும் சேர்ந்து உக்காந்து ஒத்துக்கிட்டது என்னன்னு கோர்ட்டுக்குக் காட்டுங்க. அதுக்குப் பக்கத்துல என் கருத்தை வைங்க."

மருத்துவச் சங்கங்களின் வேலை என்ன என்பதை அன்றுதான் ஒரு வழக்கறிஞனாகப் புரிந்துகொண்டேன். மாநாடு நடத்துவார்கள், மலர் வெளியிடுவார்கள் என்ற அளவில்தான் வெளியே இருப்பவர்களுக்கு அவை தெரியும். உண்மையில் அவை செய்யும் மிகப் பெரிய காரியம், தனித்தனி மருத்துவர்களின் அறிவை ஒன்றாக்கி, இதுதான் இன்றைய நிலைப்பாடு என்று எழுதி வைப்பது. விளையாட்டு மருத்துவத்துக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1928-இலேயே சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் உருவானது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 1954-இல் தொடங்கியது. பெயரில் கல்லூரி இருந்தாலும் அது மருத்துவர்கள், உடலியங்கியலாளர்கள், பயிற்சியாளர்கள் சேர்ந்த சங்கம். உடற்பயிற்சிக்கு முன் ஒருவரை எப்படிப் பரிசோதிப்பது, எவருக்கு எவ்வளவு பயிற்சி என்பதற்கு அது 1975-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. நம் நாட்டில் பாட்டியாலாவில் 1961-இல் தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தது. இந்திய விளையாட்டு மருத்துவச் சங்கம் இருக்கிறது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் 2010-இல் விளையாட்டுக் காயங்களுக்கென்று தனி மையமே திறந்தார்கள்.

நான் தேடியது 2015-இல் வந்த ஒப்புதல் அறிக்கை. அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் சேர்ந்து, இதயக் கோளாறு உள்ள விளையாட்டு வீரர்களைப் பற்றி வெளியிட்ட பரிந்துரைகள். அதில் ஒரு பகுதி முழுவதும் கமோஷியோ கார்டிஸ் பற்றியது. அதை அச்செடுத்துச் சான்றாவணமாகத் தாக்கல் செய்தேன். 1872 இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு வல்லுநர் கருத்தை ஏற்றது. 60-ஆம் பிரிவின் காப்புரை, ஆசிரியரை நேரில் அழைக்க இயலாதபோது விற்பனையில் உள்ள துறைநூலைக் காட்டி அவர் கருத்தை நிரூபிக்க இடம் தந்தது. 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் இவை 39, 55-ஆம் பிரிவுகள். நுகர்வோர் ஆணையத்தைச் சாட்சியச் சட்டம் அப்படியே கட்டுப்படுத்தாது என்றாலும், அதன் நெறியை ஒட்டியே ஆவணங்களை அடுக்கினேன்.

கொரோனா முதல் அலை தணிந்த பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கலானது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஒரு மீனவத் தகப்பனாருக்கு இவை பெரிய உதவிகள்.

நுகர்வோர் வழக்கில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றுவது அரிது. மெர்சண்ட் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழியில், எதிர்த்தரப்பினர் எங்கள் மருத்துவருக்குக் கேள்விகளை எழுத்தில் கொடுத்தார்கள். நல்ல கேள்விகள். அவற்றில் ஒன்று உண்மையிலேயே கடினமானது: பரம்பரையாக வரும் இதய மின்னோட்டக் கோளாறுகளும் பிரேதப் பரிசோதனையில் தெரியாதவைதானே? இந்த இளைஞருக்கு அப்படி ஒன்று இருந்து, அதனால் இறந்திருக்கலாம் அல்லவா?

பேராசிரியர் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. அப்படி ஒன்று இருந்திருக்கவே முடியாது என்று பிரேதப் பரிசோதனையை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் பதில் எழுதுவதற்கு முன்பே என்னிடம் ஒன்று கேட்டிருந்தார்: தாய், தகப்பன், தம்பி மூவருக்கும் இ.சி.ஜி. எடுத்து வாருங்கள். எடுத்தோம். மூன்றும் இயல்பு. குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர் யாரும் இல்லை. பையன் பள்ளி நாளிலிருந்து ஆடியவன். ஒருமுறையும் மயங்கி விழுந்ததில்லை. இவற்றோடு, முழங்கால் பட்டதற்கும் அவன் சரிந்ததற்கும் இடையே சில நொடிகளே இருந்ததைப் பதிவு காட்டியது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அடியே காரணம் என்பதுதான் மிகுதியும் பொருந்தும் முடிவு என்று எழுதினார். உரிமையியல் தன்மையுள்ள வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது அதிகம் பொருந்துகிறது என்பதே போதும்.

ஆணையம் எங்கள் தரப்பை ஏற்றது. அடி வெளியிலிருந்து வந்தது, வன்மையாக வந்தது, எல்லார் கண்ணிலும் பட்டது. அந்த அடியிலிருந்து மரணம் வரை இடையில் வேறு காரணம் புகவில்லை என்று உத்தரவில் எழுதினார்கள். 2 லட்சம் ரூபாயும் வட்டியும் செலவுத் தொகையும் தரச் சொன்னார்கள். மேல்முறையீடு இல்லாமல் பணம் வந்து சேர்ந்தது.

வழக்கு முடிந்தபின் தகப்பனார் கேட்ட கேள்விதான் என்னை இன்னும் விடாமல் இருக்கிறது. "ஏங்கய்யா, அங்க யாராவது ஏதாவது தெரிஞ்சவங்க இருந்திருந்தா எம்புள்ள பொழச்சிருப்பானா?"

பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்பதே உண்மையான பதில். நடுங்கும் இதயத்துக்கு மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தம் தர வேண்டும். கூடிய சீக்கிரம் மின்னதிர்வு கொடுக்க வேண்டும். அழுத்தமும் இல்லாமல் மின்னதிர்வு தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காடு போய்விடுகிறது. 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின், இந்தப் பையனைப் போலவே மார்பில் அடிபட்டு, எழுந்து, விழுந்தார். களத்திலேயே அவருக்கு அழுத்தமும் மின்னதிர்வும் கொடுத்தார்கள். அதே ஆண்டு அவர் மீண்டும் ஆட வந்துவிட்டார்.

அப்படியானால் போட்டி நடத்தியவர்கள் மீது வழக்குப் போட்டிருக்கலாமே என்று சக வழக்கறிஞர்கள் கேட்டதுண்டு. தகப்பனாருக்கு அதில் விருப்பமில்லை. நடத்தியவர்கள் அவன் நண்பர்கள். அவர் விரும்பியிருந்தாலும் அந்த வழக்கு தடுமாறியிருக்கும். கவனக்குறைவு என்று சொல்ல, செய்திருக்க வேண்டியது என்ன என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 1957-இன் போலம் வழக்கிலிருந்து நம் உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு வரை, அந்தந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் ஏற்ற நடைமுறையே அளவுகோல் என்கிறது சட்டம். கிராமத்துக் கபடிக் களத்துக்கு அப்படி ஏற்கப்பட்ட நடைமுறை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அந்தப் போட்டிக்குக் காவல்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தில் ஒலிபெருக்கி பற்றியும், முடிக்க வேண்டிய நேரம் பற்றியும், சாதி முழக்கம் கூடாது என்றும் விளக்கமாக இருந்தது. முதலுதவி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. பஞ்சும் டிஞ்சரும் ஐஸ்கட்டியும் வைத்திருந்தார்கள். அவர்கள் அறிந்த முதலுதவி அது.

அளவுகோல் எழுதப்பட்டிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு இருக்கிறது. 1991 செப்டம்பரில் மைக்கேல் வாட்சன் என்ற குத்துச்சண்டை வீரர் மேடையில் மூளையில் காயம்பட்டு வீழ்ந்தார். உயிர் காக்கும் சிகிச்சை மேடையருகே உடனே கிடைக்கவில்லை. அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். தலைக்காயத்துக்கு முதல் நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பது மருத்துவ உலகில் அப்போதே தெளிவாகியிருந்தது. அதைத் தன் விதிகளில் சேர்க்காதது வாரியத்தின் தவறு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மருத்துவர்களின் கூட்டறிவே அங்கே நீதிமன்றத்தின் அளவுகோலானது.

நம் மாநிலத்தில் ஜல்லிக்கட்டுக்கு அந்த அளவுகோல் இருக்கிறது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2017-இல் வந்த விதிகளின்படி மாடுபிடி வீரருக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. களத்தில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் நிற்க வேண்டும். மாசிமகத்துக்கும் பொங்கலுக்கும் ஊர்தோறும் நடக்கும் கபடிக்கு அதில் கால் பங்கு கவனிப்பும் இல்லை. 2022 ஜூலையில் இதே மாவட்டத்தில், பண்ருட்டி அருகே, கபடி ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் களத்தில் சரிந்து இறந்தார். அந்தக் காட்சி நாடெங்கும் கைபேசிகளில் பரவியது. பார்த்தபோது என் கட்சிக்காரரின் மகனை மறுபடி பார்ப்பதுபோல் இருந்தது.

விளையாட்டை நிறுத்துவது தீர்வாகாது என்பதையும் இந்த வழக்கில்தான் கற்றேன். மகன் போனபின் தாய், தம்பியைக் களத்துப் பக்கமே விடவில்லை. பேராசிரியர் அந்த அம்மாவை உட்கார வைத்து, இ.சி.ஜி. தாளைக் காட்டிப் பேசினார். "அம்மா, இவன் இதயம் நல்லா இருக்கு. வீட்டுலயே அடைச்சு வெச்சீங்கன்னா நாப்பது வயசுல சர்க்கரை, ரத்தக் கொதிப்பு வரும். ஓடட்டும், ஆடட்டும்." நோய் வருமுன் காக்கும் மருத்துவமும் விளையாட்டு மருத்துவமும் ஒரே சங்கத்தின் கூரைக்குள் இருப்பதன் நியாயம் அதுதான். ஆடச் சொல்கிறவர்களே ஆடுகளத்தைக் காக்கவும் வேண்டும். இத்தாலியில் 1982 முதல் போட்டியில் இறங்கும் வீரர்களுக்கு இ.சி.ஜி.யோடு கூடிய பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் அதன்பின் இளம் வீரர்களின் திடீர் மரணம் 89 விழுக்காடு குறைந்ததாக 2006-இல் ஆய்வு வந்தது. ஜப்பானில் 1973 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இ.சி.ஜி. எடுக்கிறார்கள். இந்தப் பரிசோதனைகள் பரம்பரைக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும். மார்பில் விழும் அடியைத் தடுக்காது. அடிக்குக் களத்தில் பயிற்சி பெற்ற கைகளும் மின்னதிர்வுக் கருவியும்தான் காவல். இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

ஆகவே நம் நாட்டின் விளையாட்டு மருத்துவச் சங்கங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். தமிழில், கபடிக்கென்று, கிராமக் களத்தை மனத்தில் வைத்து எழுதிய பக்கம். ஆட வருபவரிடம் மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் இளவயது மரணம் உண்டா என்று கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருக்கட்டும். நெஞ்சழுத்தம் பழகிய இருவர் களத்தில் இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்று இருக்கட்டும். திடீரென விழுந்தவன் மூச்சும் பேச்சும் இல்லாமல் கிடந்தால், கை கால் இழுத்தாலும், இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு அழுத்தத் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும் என்று இருக்கட்டும். பெரிய போட்டிகளில் மின்னதிர்வுக் கருவி எங்கே இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் முதலிலேயே சொல்ல வேண்டும் என்றும் இருக்கட்டும். ஒரு நாட்டின் விளையாட்டு மருத்துவர்கள் கூடிக் கையெழுத்திட்ட அப்படி ஒரு பக்கம் இருந்தால், அதை ஒவ்வொரு கபடி அனுமதிக் கடிதத்தோடும் இணைக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கட்டும். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் மனுவை நாங்கள் எழுதுகிறோம்.